தந்தியில் ‘ங்க’ ஏறாது

“ஏனுங்கம்மா, தம்பி ஊட்டுல இருக்குதுங்களா?”

அந்த ‘ங்க’வைக் கேட்டதும் மாசாணியம்மாள் கதவை மறித்து நின்றாள். காலை ஏழு மணி. வாசலில் காக்கிச் சட்டையில் இரண்டு பேர். உள்ளே மகன் ரவிக்குமார் வெளியே போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

“ரெண்டு வார்த்தை கேட்டுப்போட்டு அனுப்பிச்சுடறோமுங்க. பயப்படாதீங்க,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், எமர்ஜென்சியில், வேறொருவர் வந்து இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். அன்றைக்கு அவள் அந்த மரியாதையில் மயங்கிப்போனாள். தோட்டத்துக்காரர் வீட்டுப் பொடிசுகள்கூட அவளையும் புருஷன் சின்னானையும் ‘வா, போ’ என்றுதான் கூப்பிடும். ஓர் அதிகாரி தன் வாசலில் நின்று ‘ங்க’ போட்டது அதுவே முதல் தடவை. காப்பி வைத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடிக்கவும் செய்தார். அதற்கு மேல் என்ன வேண்டும்? மில் சங்கத்தில் இருந்த சின்னானுக்கு வெளுத்த சட்டையை எடுத்துத் தந்து, அவளே அனுப்பி வைத்தாள். “வாரேன்” என்று போனான்.

அதன்பிறகு எந்த ஸ்டேஷனில் கேட்டாலும் அப்படி ஓர் ஆள் இல்லை என்றார்கள். வக்கீல் அரங்கசாமி ஜன்னலைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னார்: “அம்மணி, எதுக்குப் புடிச்சீங்கன்னு இப்பக் கோர்ட்டே கேக்க முடியாது. பேப்பர்ல போடலாம்னா, அதையும் சர்க்கார்ல பாத்துத்தான் உடறாங்க.” இருபத்து மூன்றாம் நாள் சாக்குத்துணி சுற்றிய உடம்பு வந்தது. காய்ச்சல் என்றார்கள். முகத்தை மட்டும் பார்க்கவிட்டார்கள்.

இப்போது ரவிக்குமார் செருப்பை மாட்டினான். கருமத்தம்பட்டித் தறிகள் பத்து நாளாக நின்றிருந்தன. வேலைநிறுத்த நோட்டீஸை எழுதியவன் அவன்தான்.

“எந்த ஸ்டேஷனுக்குங்க?” என்று மட்டும் கேட்டாள். காப்பி கொடுக்கவில்லை.

“நம்ம ஸ்டேஷனுக்குத்தானுங்க.”

“வாரேன்மா,” என்றான் ரவிக்குமார். சின்னான் கடைசியாகச் சொன்ன சொல் அது.

எமர்ஜென்சி போன பின்னால் அரங்கசாமி சொல்லியிருந்தார்: “இனி யாரைக் கூட்டிட்டுப் போனாலும் எங்கிட்ட ஓடி வராதே, மொதல்ல மாஜிஸ்ட்ரேட்டுக்கும் மேல இருக்கறவங்களுக்கும் தந்தி அடி. புடிச்ச இருபத்து நாலு மணி நேரத்துல மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தோணும். ஆனா எப்பப் புடிச்சோம்னு எழுதறதும் அவங்கதானே? தந்தி ரசீதுல மணி இருக்கும். அதை அவங்க திருத்த முடியாது.”

உள்ளூர்த் தபாலாபீசுக்குப் போனால் தறிப் பட்டறை முதலாளிகளுக்கு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கோயமுத்தூர் பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, தந்தி ஆபீசைத் தேடிப் பிடித்தாள். பஸ்ஸில் வந்த நேரமெல்லாம் சாக்குத்துணிதான் கண்ணில் நின்றது.

கவுன்டரில் இருந்த வேங்கடசாமி அவள் எழுதிய தாளை வாசித்தார். ‘ஐயா அவர்களுங்க, எம் மகனைப் போலீசுக்காரங்க கூட்டிப் போயிட்டாங்க. தயவு பண்ணுங்க, காப்பாத்துங்க.’

“கல்யாணப் பத்திரிகையா அடிக்கறீங்க? கும்பிடெல்லாம் தந்தியில ஏறாதும்மா. இங்கிலீஷ்ல ‘ங்க’ கெடையாது. எந்த ஸ்டேஷன்? எஸ்.ஐ. பேரென்ன?”

எஸ்.ஐ. பேரைக் கொடுத்தால் அந்தக் கோபம் மகன் முதுகில்தான் இறங்கும். முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். ஓரக்கண்ணில் காக்கி தெரிந்தது. கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது.

“பேரில்லாம அனுப்ப முடியாதுங்களா?”

“அனுப்பலாம். அப்பறம் கோர்ட்டுல யாரைக் கேப்பாங்க?”

காக்கிச் சட்டைக்காரர் குனிந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். ஆட்டோக்காரர். “சீக்கிரமுங்கக்கா, வண்டியில ஆள் உக்காந்திருக்குது.”

பேரைச் சொன்னாள். மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு ஒன்று. இங்கிலீஷில் எழுதியதை வேங்கடசாமி தமிழில் சொல்லிக் காட்டினார்: “மகன் ரவிக்குமாரைக் காலை ஏழு மணிக்குப் போலீசார் பிடித்தனர். உயிருக்கு ஆபத்து. தலையிடவும்.” அதோடு ஸ்டேஷன் பேரும் எஸ்.ஐ. பேரும். அவ்வளவுதான். கைகட்டாமல், கும்பிடாமல், ஒரு பெரிய அதிகாரி முன்னால் நிமிர்ந்து நிற்கிற மாதிரி இருந்தது. அவளுக்கு இன்னும் பயமாகிப்போயிற்று. ரசீதில் முத்திரை விழுந்தது: பத்து நாற்பது.

ஸ்டேஷனுக்குப் போனபோது உச்சிவெயில். “அப்படி யாரும் இங்க இல்லீங்களே,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே. “ஊட்டுக்குப் போங்க. சாயங்காலம் தம்பி தானா வந்துருமுங்க.”

இல்லை. இதே ‘இல்லை’யைத்தான் அன்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கேட்டாள். ரசீதை நீட்டினாள். அவர் மணியைப் பார்த்தார். மூன்று விலாசங்களையும் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“ஏண்டீ, எவன்டீ சொல்லிக் குடுத்தான் உனக்கு?”

‘ங்க’ போய்விட்டது. ஆள் இல்லையென்றால் இந்தக் கோபம் எதற்கு? மகன் உள்ளே உயிரோடு இருக்கிறான் என்று அந்த ‘டீ’யில்தான் மாசாணியம்மாளுக்குத் தெரிந்தது.

நாலரை மணிக்கு அவனை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடது காலை ஊன்றாமல் நடந்தான். மாஜிஸ்ட்ரேட் தாளிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்: “போலீஸ் அடிச்சாங்களா?”

ரவிக்குமார் பக்கத்தில் நின்ற சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். “இல்லீங்க.”

சின்னானிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அதைக் கேட்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பதில்தான் தவறிப்போகிறது. கடைசி பெஞ்சில் இருந்தவள் எழுந்துவிட்டாள்.

“பொய். முதுகைப் பாக்கோணும்.”

தன் வாயிலிருந்து ‘ங்க’ இல்லாமல், தந்தி மாதிரியே வந்துவிட்டது என்று அப்புறம்தான் உறைத்தது. “உக்காரு!” என்று அதட்டினார் டவாலி போட்ட சேவகர். மாஜிஸ்ட்ரேட் தலையை நிமிர்த்தினார். அவளைப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார்.

முதுகில் இருந்ததை அவர் ஒவ்வொன்றாக எழுதினார். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் ஜெயில், பதினைந்து நாள் காவல் என்று உத்தரவாயிற்று.

“வாரேன்மா,” என்றான் ரவிக்குமார்.

“என்னைக்கு?” என்று கத்திவிட்டாள்.

கோர்ட்டுக் குமாஸ்தாவுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். “மார்ச் பதினொண்ணாந் தேதி திரும்பக் கொண்டாந்து நிறுத்தோணும்மா. எழுதியிருக்குது பாரு,” என்று தாளைத் திருப்பிக் காட்டினார்.

அவள் அந்தத் தேதியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். இருட்டும் முன் ஊர் பஸ் வந்தது. “ஏனுங்கம்மா, எங்க போகோணுமுங்க?” என்று கண்டக்டர் கேட்டார். அந்த ‘ங்க’வைக் கேட்டதும் அவள் ரசீதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் ஊர்ப்பேரைச் சொன்னாள்.