மாமனாருக்கு ஒரு ஹெட்போன்

மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தபடியே திட்டு வாங்குகிற வேலை. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களை எல்லாம் போனில் கேட்டு, மன்னிப்புக் கேட்டு, ஆள் அனுப்புவதாகச் சொல்ல வேண்டும். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை மன்னிப்புதான். அதற்காக அவன் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. அவனைப் படுத்தி எடுத்தது சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய டிவி.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆயுசு பூராவும் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் காது மந்தமாகிவிட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. "இப்பல்லாம் யாரும் வாயத் தொறந்து பேசறதில்ல, முணுமுணுக்கறாங்க" என்பார். மல்யுத்தம் என்றால் உயிர். வீடே அதிரப் பார்ப்பார். போன வாரம் ஒரு அம்மாள் மெஷினில் தண்ணீர் ஒழுகுவதை விவரித்துக்கொண்டிருந்தபோது, டிவியில் ஒருத்தன் இன்னொருத்தனைத் தூக்கிப் போட்டான். "விடாத! கழுத்தப் பிடி! முடிச்சிடு!" என்று மாமனார் கத்தினார். அந்த அம்மாள் நடுங்கிப்போய், "மெஷின் நல்லாத்தாங்க ஓடுது, ஒண்ணும் குறையில்ல" என்று போனை வைத்துவிட்டார்.

மேலதிகாரி அந்தப் பதிவைக் கேட்டார். அப்புறம் பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். இனி இப்படி ஒரு சத்தம் வந்தால் வேலை இருக்காது என்றும் சொன்னார்.

மாப்பிள்ளையின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் வழி சொன்னாள். "டிவிக்கு மாட்டற மாதிரி நல்ல ஹெட்போனா ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க. பாட்டு கேக்கறதுக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க."

விடுமுறை நாளில் மாமனாரும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டிய கடை அது. கூரையிலிருந்து சார்ஜர் ஒயர்கள் கொடிகொடியாகத் தொங்கின. சுவர் முழுக்கப் போன் கவர். கடைக்காரப் பெண் ஒரு போனின் மேல் கண்ணாடித் தாளை ஒட்டி, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழியை நகத்தால் துரத்திக்கொண்டிருந்தாள். கவரின் நிறத்துக்காக ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வளைத்துப் பிடித்தால் மட்டும் வேலை செய்கிற ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடித்த ஆள் காத்திருந்தார்.

கடைக்காரப் பெண் முதலில் காதுக்குள் செருகும் குட்டி இயர்பட்ஸைக் காட்டினாள். மாமனார் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "உள்ள போய் மாட்டிக்கிச்சுன்னா யாரு எடுக்கறது?"

கழுத்தில் தொங்குவதைக் காட்டினாள். "டாக்டருக்குப் படிக்காத குறைதான்" என்றார் மாமனார்.

மூன்றாவதாக, காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்போனைத் தலையில் வைத்துவிட்டாள். மாமனார் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பைலட் மாதிரி இருக்கேனா, மாப்பிள்ளை?"

"அப்படியே இருக்கீங்க, மாமா."

"சார், உங்க போன்ல கனெக்ட் பண்ணி ஒரு பாட்டு போட்டுக் காட்டுங்க" என்றாள் பெண். போனின் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டும் ஒரே மாதிரி எழுத்தும் எண்ணுமாக இருந்தன. மாப்பிள்ளை ஒன்றை அமுக்கினான். கடை வாசலில் இடுப்பு உயரத்துக்கு நின்ற ஸ்பீக்கர் பெட்டியில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் எரிந்தன. அதை அவன் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மனைவி கூப்பிட்டாள். அவன் போனை எடுத்தான்.

"என்னங்க, வாங்கியாச்சா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டது ஸ்பீக்கர். "அப்பாவுக்குக் காது கேக்கலன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. ரோஷக்காரர், அங்கேயே திரும்பி நடந்துடுவாரு."

மாப்பிள்ளை அவசரமாகப் போனைத் தடவினான். சத்தத்தைக் குறைக்கப் போய் இன்னும் கூட்டிவிட்டான்.

"நேத்து ஆசை ஆசையா அவர்கிட்டப் போயி, 'அப்பா, புரமோஷன் ஆயிடுச்சு'ன்னேன். 'எனக்கும் காலையிலயே ஆயிடுச்சும்மா'ன்னு சொல்லிட்டுப் போறாருங்க! சிரிக்கறதா அழறதான்னே தெரியல."

ஒருவழியாக இணைப்பு அறுந்தது. கவர் சண்டைக்காரர்கள் சண்டையை மறந்து நின்றார்கள். எல்லார் கண்ணும் மாமனார் மேல். அவரோ ஹெட்போனும் தலையுமாக ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பாடா, காதை அடைத்திருக்கிறது, எதுவும் விழுந்திருக்காது என்று மாப்பிள்ளைக்குப் போன உயிர் வந்தது. கடைக்காரப் பெண்ணும் கெட்டிக்காரி. ஒன்றும் நடக்காத மாதிரி சைகை காட்டி, "பாட்டு வருதாங்கய்யா?" என்றாள். தடித்த ஆளும் தன் பங்குக்குத் தலையாட்டித் தாளம் போட்டுக் காட்டினார்.

மாமனார் ஹெட்போனைக் கழற்றினார்.

"பாட்டு ஒண்ணும் வரல. எம்பொண்ணுக்குப் புரமோஷனா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஆட்டினான்.

"நான் மோஷன்னு நினைச்சேன். நர்ஸ் பொண்ணு, அக்கறையா விசாரிக்குதுன்னு பதில் சொல்லிட்டு வந்துட்டேன்."

முதலில் சிரித்தது தடித்த ஆள்தான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மாமனாரும் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "என்ன நினைச்சிருக்கும் அந்தப் புள்ள" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு எழுந்து போய் ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். "இத்தனை தெளிவா அவ குரலக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! இதையே கட்டிக் குடும்மா."

இந்தப் பெட்டியில் மல்யுத்தம் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்த மாத்திரத்தில் மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்தான். "மாமா, ஒரு நிமிஷம்! ஹெட்போன்ல இதவிடத் தெளிவா இருக்கும். நீங்களே பேசிப் பாருங்க." கடைக்காரப் பெண் போனை வாங்கி, சரியான பெயரை அமுக்கி, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். மாப்பிள்ளை மனைவியைக் கூப்பிட்டான்.

மாமனார் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். "ஆங்... நாந்தாம்மா... கேக்குது, நல்லாவே கேக்குது. புரமோஷன் விஷயத்த முதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணும் விடாத."

அவள் சொன்னாள். அவர் கேட்டார். ஒயர் வாங்க வந்த தடித்த ஆள் தன் ஒயரைப் பற்றிப் பேச்செடுக்காமல் காத்திருந்தார். "ஹெட் நர்ஸா! எத்தனை பேரு உனக்குக் கீழ? அட!" என்று மாமனார் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஹெட்போனைக் கழற்ற அவர் சம்மதிக்கவே இல்லை. மாட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு ஹெட் நர்ஸ் ஆயிட்டா!" என்று அறிவித்துக்கொண்டே வந்தார். சத்தம் தெருமுனையிலிருந்தே கேட்டு, மனைவி மாடியிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடி வந்தாள்.

"அப்பா, மெதுவா!"

"என்னது?"

"மெதுவாப்பா, மெதுவா!"

"பின்ன, பெருமையா இருக்காதாம்மா?" என்றார் மாமனார், இன்னும் உரக்க.

அவள் மறுபடி சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். ஹெட்போனின் காலிப் பெட்டியைச் சுமந்துகொண்டு மாப்பிள்ளை பின்னால் போனான்.