விமலேஸ்வரி பார்த்த காணி

என்ர காணியில் ஒரு விதைகூட இறங்காதாம், அவளின்ர காணிதான் வேணுமாம் என்று விமலேஸ்வரி நினைத்தாள். வட்டக்கச்சியில் அந்த வருசம் மூக்குத்திப்பூண்டின் விதைகள் காற்றுக்கு எதிராகப் பறந்தன. சோளகக் காற்று மேற்கிலிருந்து அடிக்க, பஞ்சு முளைத்த விதைகள் அவளுடைய தலைக்கு மேலால் மேற்கே போய், வேலிக்கு அங்கால் ரஜிதாவின் இரண்டு ஏக்கரில் மட்டும் இறங்கின.

இரண்டு காணியும் இராணுவத்திடமிருந்து ஒரே மாதத்தில் திரும்பக் கிடைத்தவை. பல வருசம் கனரக வாகனங்கள் ஏறியதில் நிலம் இறுகி, அலவாங்குக் கம்பி பட்டாலும் பொறி பறக்கும். விமலேஸ்வரி எல்லோரையும்போல விடிய எழும்பி, ஒரு பச்சை மிஞ்சாமல் நிலத்தை மண்வெட்டியால் செருக்கி, கூட்டி, குப்பையை எரித்தாள். ரஜிதா பூண்டைப் பிடுங்கவில்லை. பூத்து முடிந்ததை வெட்டி அந்த இடத்திலேயே போட்டாள். வேர்கள் மண்ணைத் துளைத்துக் கீழிருந்த ஈரத்தை மேலே கொண்டுவந்தன. இரண்டாம் வருசம் அந்தக் காணி மூச்சுவிடத் தொடங்கியது. காலையில் நான்கு விரல் உயரும், பின்னேரம் தாழும். தபால்காரர் அதற்கேற்றபடி சைக்கிள் ஓட்டப் பழகிக்கொண்டார். தேனீக்கள் வந்தன, பூசணிக்கொடி கூரைக்கு ஏறியது. விமலேஸ்வரியின் பூசணிகள் தேசிக்காய் அளவிலேயே உதிர்ந்தன.

அவள் நாள் முழுக்க வேலியடியில் நின்று பார்த்தாள். ரஜிதா கெட்டவளாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். ஒருநாள் அங்கால் பார்த்தபடியே செருக்கியதில் மண்வெட்டி காலில் இறங்கியது. ரஜிதாதான் ஓடிவந்து பூண்டிலையைக் கசக்கிச் சாறு பிழிந்து கட்டினாள்.

"கண்ணை எங்க வச்சுக்கொண்டு வெட்டினனீங்கள் அக்கா?"

"உன்ர பூசணியிலதான்."

இருவரும் சிரித்தார்கள். ஒருத்திக்கு மட்டும் அது பகிடி.

ஒரு மாதம் விமலேஸ்வரி கதிரையில் காலை நீட்டியபடி இருந்தாள். அங்கிருந்து வேலி தெரியாது, தன் மொட்டை நிலம்தான் தெரியும். அதையே பார்த்தாள். பத்தாம் நாள் முதல் விதை அவளுடைய காலடியில் இறங்கியது. செருக்க ஆளில்லாததால் அது முளைத்தது. மாதம் முடிய முற்றம் மஞ்சளாகி, கதிரை காலையில் ஒரு விரல் உயர்ந்தது. அவள் பார்க்கும் பக்கம்தான் விதை போகிறது என்று ஊருக்கு விளங்கியது. தர்மபுரத்திலிருந்து இரண்டு குடும்பம் வந்து, தங்கள் காணியைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிக்க வரச்சொல்லிவிட்டுப் போனார்கள்.

ரஜிதாவின் பக்கம் பூ குறைந்தது. காணி மூச்சை நிறுத்தி, ஓரங்களிலிருந்து இறுகத் தொடங்கியது. அவள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அக்கா, பழையபடி ஒருக்கா வேலியடிக்கு வாங்கோவன். எரிச்சலோட பாத்தாலும் பரவாயில்லை."

அந்த இலைச்சாற்றில் காயம் தழும்புகூட இல்லாமல் ஆறி மூன்று கிழமை. விமலேஸ்வரி நீளச் சட்டையின் நுனியைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டாள்.

"கால் இன்னும் ஆறேல்லை, பிள்ளை," என்றாள்.