அருந்ததி எந்தப் பக்கம்

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த பனியன்களில் எல்லாம் ஒன்பதாம் எண் ஸ்டிக்கர் இருந்தது. அது செக்கிங் டேபிளில் பீஸ் பார்க்கும் பாண்டியம்மாளின் எண். ஓட்டை விழுந்த துணிகளை நல்லதென்று அனுப்பியிருந்தாள். செக்கிங் சூப்பர்வைசர் தெய்வாத்தாள் மறுநாள் காலை ஆபீசில் பதில் சொல்ல வேண்டும்.

வைகாசி மாதம். மாலை ஏழே முக்காலுக்குக் கரண்ட் போனது, கம்பெனி ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. நல்லூர் முழுக்க இருட்டு. காற்றுக்காக எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். தெய்வாத்தாள் பாண்டியம்மாளை வடக்குச் சுவரோரம் தனியாகக் கூட்டிப்போனாள்.

“ஏனுங்க அக்கா, கரண்டியாட்ட ஏழு நட்சத்திரம் இருக்குதுல்லங்க? அதும் பிடில கடைசிக்கு முந்துனதப் பாருங்க. அத ஒட்டுனாப்புல சின்னதா இருக்கறதுதான் அருந்ததி.”

“எங்க கல்யாணத்துலயும் காட்டுனாக. பகல் பத்து மணிக்கு.”

“அப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

“தெரியுதுன்னேன். பின்ன, இல்லேன்னா சொல்லுவாக?”

“பீஸ் பாக்கறப்பவும் அப்படித்தானுங்களா?”

பாண்டியம்மாள் மறுபடி வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“இப்ப எத்தனை தெரியுதுங்க?”

“ரெண்டு.”

“சின்னது பெருசுக்கு எந்தப் பக்கமுங்க?”

பாண்டியம்மாள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு மறு கண்ணை.

“மேல.”

சின்னது பெரியதற்குக் கீழே, ஒட்டினாற்போல மின்னிக்கொண்டிருந்தது.

“எத்தனை நாளா இப்படிங்க?”

“தீவாளிக்கு முந்தியே. கண்ணு நரம்பு செத்துப்போச்சாம். கண்ணாடி போட்டாலும் பார்வை வராதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாக.”

தெய்வாத்தாள் பேச்சை எங்கேயாவது திருப்பப் பார்த்தாள். “எம்புள்ள தேஜஸ்ரீ காலேஜ்ல படிச்சாளாமுங்க. வெறுங்கண்ணுக்கு ரெண்டு. டெலஸ்கோப்புல பெருசே ரெண்டாப் பிரியுமாம். வெளிச்சத்தப் பிரிச்சு இன்னும் நுணுக்கிப் பாத்தா மொத்தம் ஆறாமா.”

“அப்ப ஆறுல ரெண்டப் பாக்குறவ பாஸு, ஒன்னப் பாக்குறவ ஃபெயிலு. நல்ல செக்கிங்குதான்.”

தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

“என்னைய நூல் பிசிறு வெட்டப் போடேன், தெய்வா.”

“அதுக்கும் கண்ணு வேணுமுங்க.”

“மடிக்க?”

“கறை பாத்துத்தான மடிக்கோணும்.”

“வேற கம்பெனி?”

“அங்கயும் இதே டேபிளுதானுங்க.”

கரண்ட் வந்தது, கீழே மெஷின்கள் உறுமின. தெரு விளக்குகளும் எரிந்தன. வானத்தில் பாதி காணாமல் போனது.

“காலைல உள்ளதச் சொல்லிரு. மறைச்சா ஒன்னையும் அனுப்பிருவாக.”

“சொல்லித்தானுங்க ஆகோணும்.”

“இன்னைக்கு ஷிஃப்டு மிச்சம் கெடக்கே. டேபிள்ல ஒக்காரவா, வேண்டாமா?”

“ஒக்காருங்க. பக்கத்துல நான் மறுக்காப் பாத்துக்கறேன்.”

கீழே இறங்கிப்போய், பாண்டியம்மாள் முதல் பனியனை விளக்கடியில் விரித்தாள். கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு, விரல் நுனியால் தையல் ஓரமெல்லாம் தடவினாள். நேரமெடுத்து நிதானமாகத் தடவி, நல்லதென்று நீட்டினாள். தெய்வாத்தாள் வாங்கிப் பார்த்தாள்; நடுவில் ஒரு எண்ணெய்க் கறை. கழிவுக் குவியலில் போட்டாள்.