ஈரக்கைக்காரியின் அக்கா

பேய்க்கதை எழுதுகிறவனுக்கு மட்டும் வீட்டில் அறை கொடுத்துவிடாதீர்கள். குடிகாரனுக்குக் கொடுங்கள், பிடில் பழகுகிறவனுக்குக்கூடக் கொடுங்கள். அவர்களால் கெடுவது நம் தூக்கம் மட்டும்தான்.

என் வீடு இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில், சேற்றுவெளியைப் பார்த்தபடி இருக்கிறது. கோடையில் லண்டன்காரர்கள் வந்து தங்குவார்கள். போன கோடையில் வந்தவர் மிஸ்டர் லயனல் அவெரில். பத்திரிகைகளுக்குத் துப்பறியும் கதையும் பேய்க்கதையும் எழுதுகிறவராம். புகை போட்ட மீனை ஒரு துணுக்கு விடாமல் தின்றுவிட்டு, "உங்க கைப்பக்குவமே தனி, மிஸஸ் ஸ்மை" என்பார். அந்தப் பாராட்டில் நானும் மயங்கித்தான் போனேன். ஒரு மழை நாளில் சமையலறையில் வந்து உட்கார்ந்து, சுவரில் தொங்கும் நீலச் சால்வை யாருடையது என்று கேட்டார். சொல்லிவிட்டேன்.

அது என் தங்கை கெசையாவுடையது. சேற்றில் சிப்பி பொறுக்கிப் பிழைத்தவள். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். ஒருநாள் கடல் ஏறுகிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் சேற்றில் மாட்டிக்கொண்டு கத்தினான். ஆண்கள் படகு எங்கே, துடுப்பு எங்கே என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். இவள் சால்வையைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு இறங்கினாள். பையன் பிழைத்தான், இவள் திரும்பவில்லை. கைக்குழந்தையாக இருந்த அவள் மகள் ரூத்தை நான்தான் வளர்த்தேன்.

கிறிஸ்துமஸ் புட்டிங்கில் திராட்சை இல்லாவிட்டாலும் எங்கள் ஊர் பொறுத்துக்கொள்ளும். பேய்க்கதை இல்லாவிட்டால் பொறுக்காது. பண்டிகைக்கு மறுநாள் பிற்பகல், பள்ளிக்கூடத்துக் கூடத்தில் எல்லோருக்கும் தேநீர் உண்டு. ஏதாவது ஒரு பத்திரிகையின் கிறிஸ்துமஸ் சிறப்பிதழிலிருந்து பாதிரியார் ஒரு கதையை உரக்கப் படிப்பார். இந்த வருஷம் கதை எழுதியவரே பாதிரியார் வீட்டு விருந்தாளியாக வந்து முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவெரில்தான்.

கதையின் பெயர் 'ஈரக்கைக்காரி'. சேற்றுவெளி ஓரம் ஒரு வீடு. அதில் காலை இழுத்து நடக்கும் ஒருத்தி, நீலச் சால்வைக்காரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைமேல் பொறாமைப்பட்டு, அதைச் சேற்றுக்கு இழுத்துப்போய் அமுக்கிக் கொல்கிறாள். அவளையும் கடல் கொண்டுபோகிறது. அன்றுமுதல் அந்த வீட்டில் தூங்குகிறவர்களின் கழுத்தை ஈரக்கையால் தடவுகிறாள். பெயரை மட்டும் மாற்றியிருந்தார், மகானுபாவர்.

கூடம் சொகுசாக அலறியது! பாதிப் பேர் அன்று கரையில் நின்று பார்த்தவர்கள். எனக்கும் ரூத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருந்த தபால்காரம்மா லெகெட், "ஐயையோ, நம்ம கெசையாவேதான்டி!" என்று பக்கத்தில் இருந்தவளின் விலாவில் இடித்தாள். ரூத் கையிலிருந்த கேக்கைக் கடிக்கவில்லை. புத்தாண்டு கழிந்ததும் இதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறவள் அவள். கொலைகாரி மகளிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

இன்னும் கேளுங்கள். கெசையா காப்பாற்றிய அந்தப் பையன், வால்டர் கேபிள், இப்போது மளிகைக் கடைக்காரன். பாதிரியார் வீட்டுக்குச் சாமான் போடுகிறவன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அவனும் கை தட்டினான்.

நான் எழுந்துவிட்டேன். "மிஸ்டர் அவெரில், நான் உங்ககிட்ட சொன்னது இதுவா?"

அவர் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க, மிஸஸ் ஸ்மை. நல்லவ பேயா வந்தா யாரு பயப்படுவா? பேய்னா அதுக்குப் பின்னால ஒரு பாவம் வேணும்."

"பாவம் வேணும்னா உங்க குடும்பத்துல தேடிக்கறதுதானே? எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எங்க வீட்டுப் பொணத்துமேலயா கை வெப்பீங்க?"

பாதிரியார் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "திர்சா, பண்டிகை நாள்ல சண்டை வேண்டாம்மா. வெறும் கதைதானே."

"வெறும் கதைன்னா, ஐயா, அடுத்த வருஷம் உங்க அம்மாவை வெச்சு எழுதச் சொல்லுங்க. நானும் வந்து கை தட்டறேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். நான் மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பினேன்.

"வால்டர், நீ சொல்லுடா. அன்னிக்குச் சேத்துல இருந்த பிள்ளை யாரு?"

அவன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "எதுக்குக்கா இப்ப அதெல்லாம்... எல்லாரும் சந்தோஷமா இருக்கற நேரத்துல."

என் தங்கையின் உயிரைக் குடித்து வளர்ந்த உடம்பு! மறுபடி முன்வரிசைப் பக்கம் திரும்பினேன்.

"மன்னிச்சுக்குங்க, மிஸ்டர் அவெரில். உங்க கதையில ஒண்ணு மட்டும் நெசந்தான். அந்தப் பிள்ளை செத்துத்தான் போச்சு."

அவெரிலின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "அடடா! இந்த முடிவு எனக்குத் தோணாமப் போச்சே!" என்று சொல்லிக்கொண்டே, கஞ்சி போட்ட சட்டைக்கையின் ஓரத்தில் நான் சொன்னதைக் கிறுக்கத் தொடங்கினார். அந்த மனிதரை என்ன செய்வது?

ரூத் எழுந்தாள். அவள் அதிர்ந்து பேசி இந்த ஊர் கேட்டதில்லை. நேராக முன்வரிசைக்குப் போய்த் தன் கோப்பைத் தேநீரை அந்தச் சட்டைக்கையின்மேல் கவிழ்த்தாள். அவெரில் துள்ளி எழுந்தார்.

"பயப்படாதீங்க ஐயா, ஆறிப்போன டீதான்" என்றாள். பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்கம்மா பேரு கெசையா. எனக்கு அவங்க முகம் ஞாபகமில்ல. உங்கள்ல பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். அன்னிக்கு அவங்க போய்ச் சேரறதுக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. இழுத்து நடக்கற கால் சேத்துல புதைஞ்சுடுச்சு. திரும்ப முடியாதுன்னு தெரிஞ்சதும் அந்தப் பையனைத் தூக்கித் தலைக்கு மேல பிடிச்சாங்க. தண்ணி கழுத்துக்கு வந்துச்சு, மூக்குக்கு வந்துச்சு. படகு வர்ற வரைக்கும் கை இறங்கல. கடைசியில தண்ணிக்கு மேல அந்தப் பையனும் எங்கம்மாவோட ரெண்டு கையும் மட்டும்தான் தெரிஞ்சுது. இதுல பயப்பட ஒண்ணுமில்ல. பத்திரிகையில போட மாட்டாங்க." அவள் காலிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். அவங்க யாரைத் தூக்கிப் பிடிச்சாங்க?"

லெகெட் மடியிலிருந்த கேக் துகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். பாதிரியார் பத்திரிகையை மூடினார்.

மூன்றாம் வரிசையில் நாற்காலி நகர்ந்தது. வால்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். கதவைப் பார்த்துத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவன் போகவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு கசக்கிப் பிடித்துக்கொண்டு ரூத்தைப் பார்த்தான்.

"என்னை" என்றான்.