நானூறு பிப்

என் தங்கை வீட்டுக்காரருக்கு ஒரு மாதமாகத் தரையில் கால் பாவவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற உத்தியோகம். தங்கைக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு அந்த வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அதுதான். அந்த வேலையைத்தான் விடப்போகிறேன் என்று குதித்துக்கொண்டிருந்தார். யூரோவை வாங்கி டாலருக்கு விற்கிற வித்தையைக் கற்றுக்கொண்டாராம். கற்றது ஆறே வகுப்பு, அதுவும் போனில்.

"நீயாவது வந்து சொல்லுண்ணா" என்று தங்கை கூப்பிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் போனேன். நான் கணக்கு வாத்தியார். அதற்காகவே காத்திருந்த மாதிரி மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"மச்சான், நீங்க தசமத்தைச் சொல்லிக்குடுத்துச் சம்பளம் வாங்குறீங்க. நான் தசமத்துலயே சம்பாதிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கைக்காக வாயை மூடிக்கொண்டேன். அவரோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து எனக்கே பாடம் எடுத்தார். விலை ஏறி இறங்குவதைப் பிப்பில் அளக்க வேண்டுமாம். புள்ளிக்குப் பின்னால் நாலாவது இலக்கத்தில் ஒன்று கூடினால் ஒரு பிப். 1.0842 என்பது 1.0843 ஆனால் ஒரு பிப். சரியாகத்தான் ஒப்பித்தார், கிளிப்பிள்ளை மாதிரி.

திரையின் மூலையில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. என்ன கண்றாவி இது என்றேன். பணத்தைப் பார்த்தால் கை நடுங்கும், பிப்பை மட்டும் பார் என்று குரு உபதேசித்தாராம். அதனால் மீதித் தொகை தெரிகிற இடத்தை ஒரு மாதமாக மூடி வைத்திருக்கிறார் சீடர். இதுவரை நானூறு பிப் லாபமாம். எவ்வளவு காசு என்று மட்டும் தெரியாதாம். நல்ல பிழைப்பு!

"இன்னிக்கு வாங்கினது 1.08420. வித்தது 1.08432. பன்னெண்டு பிப்" என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

"மாப்பிள்ளை, புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம் இருக்கு?"

"அஞ்சு."

"பிப் எத்தனாவது இலக்கம்?"

மனிதர் திரையில் விரலை வைத்து மறுபடி எண்ணினார். ஐந்தாவது இலக்கம் பிப்பில் பத்தில் ஒரு பங்கு. பன்னிரண்டாவது, மண்ணாங்கட்டியாவது! ஒன்றேகால் பிப்கூட இல்லை. மில்லிமீட்டரைச் சென்டிமீட்டர் என்று எண்ணி மாளிகை கட்டியிருக்கிறார் மகானுபாவர். நானூறு நாற்பதாகச் சுருங்கிப்போனது. அவர் வாங்கி விற்பது இருப்பதிலேயே சின்ன அளவு, அதில் ஒரு பிப்புக்குப் பத்து சென்ட்தான். டேப்பை நானே பிய்த்தெறிந்தேன். போட்ட முதல் இருநூறு டாலர். இருந்தது இருநூற்று நாலு.

ஒரு மாத சம்பாத்தியத்தில் புருஷனும் பெண்சாதியும் தாராளமாக டீ குடிக்கலாம் என்றேன். ஆசை தீரச் சிரித்தேன். தங்கைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "போகட்டும், வேலை இருக்கே" என்றாள்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "நேத்தே எழுதிக் குடுத்துட்டேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. எழுதிக் கொடுத்ததோடு விட்டாரா? ஏன் போகிறாய் என்று கேட்ட எக்ஸ்ரே பிரிவுத் தலைவரிடம், நீங்கள் ஒரு மாதம் இருட்டறையில் உட்கார்ந்து சம்பாதிப்பதை நான் ஒரு காலையில் சம்பாதித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். திமிருக்கும் ஓர் அளவு வேண்டாமா!

தங்கை இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். தலைவர் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்குப் படி நின்று நின்று ஏறினாள். மாப்பிள்ளை என் காதோரம் வந்து, நீங்கள் பேசினால் மரியாதையாக இருக்கும் என்றார். நேற்றுத் திமிராகப் பேசின வாய்தானே, அதுவே பேசட்டும் என்றேன்.

தலைவர் கதவைத் திறந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். தங்கைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"இந்த மாசம் எவ்வளவு சம்பாதிச்சே?"

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டார். "நாலு டாலர், சார்."

தலைவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது. இடம் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் ராஜினாமா மேலே போய்விட்டது, இனி புதிதாகச் சேருகிறவனுக்கான சம்பளம்தான் கிடைக்கும் என்றார். பதினோரு வருஷ சர்வீஸ் அங்கேயே போயிற்று. மாப்பிள்ளை பரிதாபமாக என்னைப் பார்த்தார். என்னிடம் என்ன இருக்கிறது?

தங்கை நாற்காலியின் கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள்.

"இவர் நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் சார்?" என்று கேட்டாள்.