வாசலில் ஒரு சுற்று

எங்கள் ஊசிமலைத் தோட்டத்து ஸ்டோரை ஹோட்டல் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. தேயிலை ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். எண்பத்து மூன்றில் பூட்டிய கட்டிடம் அது. தகரம் துருப்பிடித்து, உள்ளே வௌவால் குடியிருந்தது. அதில் யார் காசு கொடுத்துப் படுப்பார்கள்? ஆனால் கொழும்புக் கம்பனி ஒன்று வந்தது, இரண்டு வருஷம் வேலை பார்த்தது, தொண்ணூற்றாறில் திறந்தும் விட்டது.

கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் படுக்கையறைகள் ஆகின. கீழே சாப்பாட்டுக் கூடம். ஒரேயொரு மெஷினுக்கு மட்டும் பச்சைப் பெயின்ட் அடித்து நடுவில் நிறுத்தி, சுற்றிவர மேசை போட்டார்கள். சனிக்கிழமை என்றால் மேளம், நடனம், ஓவியக் கண்காட்சி. லிந்துலைப் பக்கம் வந்த வெள்ளைக்காரர்கள் ஒருவேளைச் சாப்பாட்டுக்காவது வண்டியைத் திருப்பினார்கள். எங்கள் வீட்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் அங்கே வாழையிலை விரித்த பீங்கான் தட்டில் வந்தன. அதைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். அதற்குள் ரொட்டி ஆறி வறட்டியாகிவிடும்.

நான் அந்த ஹோட்டலின் முன்மேசையில் விருந்தாளிகளை வரவேற்கும் வேலை பார்த்தேன். என் பெயர் ஷெரோமி. கன்னியாஸ்திரிகள் புண்ணியத்தில் இங்கிலீஷ் நன்றாக வரும். லயத்துப் பிள்ளைகளைக் குசினிக்கும் புல் வெட்டவும் எடுப்பார்கள், முன்மேசைக்கு எடுக்கமாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஆகையால் விண்ணப்பத்தில் நுவரெலியா டவுனில் இருக்கும் சித்தியின் விலாசத்தைப் போட்டேன். அப்பாவுக்குக் கடை என்று எழுதினேன். அப்பா செத்து ஒன்பது வருஷம். அம்மா இராசம்மா ஹோட்டலுக்குக் கீழே மூன்றாவது லயத்தில் இருந்தாள், தினமும் கூடையோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். அதற்கு முன்பு அதே ஸ்டோரில் பத்தொன்பது வருஷம் தூள் சலித்தவள். குசினியில் வேலை செய்த எங்கள் லயத்து ஆட்களுக்கெல்லாம் இது தெரியும். ஒருத்தர்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நான் அவர்களிடம் நன்றி சொன்னதுமில்லை.

தொண்ணூற்றெட்டில் ஹோட்டலின் இரண்டாவது ஆண்டு நிறைவு வந்தது. மேனேஜர் ரணவீரவுக்கு ஒரு யோசனை பிறந்தது. அந்தக் காலத்தில் ஸ்டோரில் வேலை செய்த பெண்களைத் தேடிப் பிடித்து, விருந்தாளிகளோடு உட்காரவைத்துத் தேநீர் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பேர் அகப்பட்டார்கள். அதில் அம்மாவும் ஒருத்தி. ரணவீரவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

முந்தின நாள் சாயங்காலம் லயத்து வீட்டில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா ரொட்டியைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ ஒன்னும் யோசிக்காத பாப்பா. நான் ஒன்னைய மிஸ்ஸுன்னே கூப்புடுறேன். மத்தவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

வேண்டாம் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். "சரி" என்றேன்.

மறுநாள் பன்னிரண்டு பேரும் திருநாளுக்குக் கட்டுகிற சேலையில் வந்தார்கள். மெல்லிய கோப்பைகளில் உயர்ந்த ரகத் தேநீர். தூள் சலித்தவர்களுக்கு அதைக் குடித்துப் பழக்கமில்லை. நாகலெட்சுமியக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னாடி இது, வெந்நி மாதிரி இருக்கு. சாயம் எங்க?" என்றாள். அது மிகவும் மணமாக இருக்கிறதாம் என்று நான் மொழிபெயர்த்தேன். அம்மா கேக்கை இரண்டு விரலால் பிட்டுத் தின்றாள். "தண்ணி கொஞ்சம் கெடைக்குமா மிஸ்?" என்று கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து, பெண்கள் எழுந்து வெளிவாசலுக்குப் போனார்கள். அந்த வாசல் முன்பு சலிக்கிற அறையின் வாசல். ஹோட்டல்காரர்கள் அங்கே ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தார்கள். பழைய போட்டோ ஒன்றைப் பார்த்து, அந்தக் கால வாட்ச்சரைப் போலவே காக்கிக் கோட்டும் அரைக் கால்சட்டையும் போட்டு, கையில் பிரம்பும் கொடுத்திருந்தார்கள். எல்லாம் அழகுக்கு.

முதலில் போன நாகலெட்சுமியக்கா அந்தக் காக்கியைக் கண்டதும் நின்றுவிட்டாள். கொண்டையை அவிழ்த்து உதறினாள். மடியைப் பிரித்து உதறினாள். இரண்டு கையையும் மேலே தூக்கி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்னால் வந்தவர்கள் தானாகவே வரிசையானார்கள். ஒவ்வொருத்தியாக உதறி, கையைத் தூக்கி, சுற்றினார்கள். ஒருவரும் யோசித்துச் செய்யவில்லை. கால் அங்கே வந்ததும் கை தூக்கிக்கொண்டது, அவ்வளவுதான். ஆறாவதாக அம்மா சுற்றினாள்.

எனக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். சின்ன வயதில் வேலை விடுகிற நேரம் அந்த வாசலுக்கு வெளியேதான் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். தேயிலைத் தூள் திருடிக்கொண்டு போகிறார்களா என்று தினமும் சோதனை. ஒருநாள் ஒருத்தியின் கொண்டையில் ஒரு கைப்பிடி தூள் அகப்பட்டதாம். அன்றிலிருந்து எல்லோரும் கொண்டையையும் அவிழ்க்க வேண்டும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவிழ்க்க வேண்டும்.

விருந்தாளிகள் கை தட்டினார்கள். ஒரு ஜெர்மன்காரி கண் கலங்கிவிட்டாள். ரணவீர என் பக்கம் குனிந்து, "எவ்வளவு அழகு! என்ன அது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

சோதனை என்று ஒரு சொல் போதும். கொழும்புக்குப் போகிற வழியில் ஆமிக்காரர்கள் என்னையும் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது அழகா இல்லையா என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தின் நடுவே அம்மாவைத் திருட்டுச் சந்தேகத்தில் நின்றவள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"அது விடைபெறும் முறை, ஸேர்," என்றேன். "இந்த வீட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை, நல்லதெல்லாம் இங்கேயே இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள்."

பொய் சொன்னால் இப்படி அமைந்து வரக் கூடாது. ஒரு மாதத்தில் வாசலில் பித்தளைப் பலகை மாட்டினார்கள். ஊசிமலையின் பண்டைய விடைபெறும் முறை என்று அதில் என் பொய் இங்கிலீஷில் பொறித்திருந்தது. தமிழில் எழுதவில்லை, அதில் எனக்கு நிம்மதி. அறையைக் காலி செய்கிற ஒவ்வொரு விருந்தாளியும் காக்கிக்காரன் முன்னால் கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வண்டி ஏறினார். சொல்லிக் கொடுப்பது என் வேலை. சம்பளத்தோடு பதவியும் உயர்ந்தது. சாப்பாடு பரிமாறுகிற அழகன் எங்கள் லயத்துப் பையன், அவன் அம்மாவும் ஸ்டோரில் சலித்தவள்தான். நான் வாசலில் நிற்கும்போது அவன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்வழியாகப் போவான். என் முகத்தை நேரே பார்ப்பதில்லை. ஏதாவது திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாயிரமாம் வருஷம் ரணவீரவுக்கு இன்னொரு யோசனை பிறந்தது. வெள்ளைக்காரர்கள் மட்டும் சுற்றினால் போதாது, உண்மையான பெண் ஒருத்தி தினமும் வாசலில் நின்று செய்து காட்ட வேண்டும். ஆண்டு நிறைவன்று எடுத்த போட்டோக்களைப் புரட்டி, அம்மாவின் மேல் விரலை வைத்தார். "இவள் சுற்றுவதுதான் மிக அழகு. கூப்பிட்டு அனுப்பு."

அனுப்பாமல் இருக்க வழி தேடினேன். அவள் ஊரை விட்டுப் போய்விட்டாள் என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் எனக்குத் தெரியாமல் தோட்டத்து ஒஃபிஸுக்குப் போன் போட்டு அவரே கேட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு அம்மா ஹோட்டல் வானிலிருந்து இறங்கினாள். வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மலை ஏறாமல் ஒரு வேலை கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. முழங்கால் வலிக்கு இரண்டு வருஷமாகத் தைலம் தடவுகிறவள்.

அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலாக் கூட்டம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. இருபது பேர், எல்லோரும் வயதானவர்கள், காக்கிக்காரன் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி உதறினார். அடுத்தவர் கையைத் தூக்கிச் சுற்றினார். அம்மா படியிலேயே நின்று பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஏன் பாப்பா, இவுங்க என்னாத்தத் திருடுனாங்க?" என்றாள்.

வரிசையில் ஒரு கிழவி தோள் வலியோடு ஒரு கையைத் தூக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். அம்மா நேரே அவளிடம் போய், அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டாள்.

"வேணாம்மா. எறக்குங்க. வயசான காலத்துல உங்களையுமா?" காக்கிக்காரனைத் திரும்பிப் பார்த்தாள். "கட்டையில போறவனே, இவுங்களாவது பெரிய மனுசங்க இல்லையா? பைய மட்டும் பாத்துட்டு விட்டா ஆகாதா?"

ரணவீர சிரித்தபடியே வந்தார். "என்ன சொல்கிறாள்?"

இந்த முறை அப்படியே மொழிபெயர்த்தேன். "இவர்கள் எதைத் திருடினார்கள் என்று கேட்கிறார், ஸேர். இது வாழ்த்து இல்லை. சோதனை. பத்தொன்பது வருஷம் தினமும் இந்த வாசலில் இவரைச் சோதித்தார்கள். நான் உங்களிடம் பொய் சொன்னேன். இவர் என் அம்மா."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பித்தளைப் பலகையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "விருந்தாளிகளுக்கு இது தெரியத் தேவையில்லை. உன் அம்மா என்றால் இன்னும் வசதி, நீயே சொல்லிக் கொடு. நாளையிலிருந்து நிற்கட்டும்."

"தொரை என்னா சொல்றாரு?" என்று அம்மா கேட்டாள்.

சொன்னேன். சோதனையைத்தான் இவர்கள் வாழ்த்தென்று நினைத்துச் செய்கிறார்கள் என்பதையும், அந்தப் பொய் என்னுடையது என்பதையும், தினமும் இங்கே நின்று அவள் சுற்றிக் காட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கோபமில்லாமல், வேலை பழகுகிற ஆள் மாதிரி, ரணவீரவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி பாப்பா. மொதல்ல தொரைய ஒருக்கா செஞ்சு காட்டச் சொல்லு."

ஒரு சொல் குறைக்காமல் அதை இங்கிலீஷில் சொன்னேன்.