ராகுகாலத்துக்கு முன்னால் போட்ட சுவிட்ச்

டாக்டர் ரங்கமன்னாரின் நெற்றியில் பட்டையைக் கட்டும்போதே கேத்தரின் சொல்லிப் பார்த்தாள்.

"சார், இப்பவே ஆன் பண்ணிட்டா இது தன்பாட்டுக்கு வாசிக்க ஆரம்பிச்சிடும். உங்க கச்சேரி அஞ்சரைக்குத்தானே? அப்ப போட்டுக்கலாம் சார்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைம்மா. நாலரையிலேருந்து ஆறு வரைக்கும் ராகுகாலம். உலகத்துலயே முதல் மனோகானக் கருவியை ராகுகாலத்துல தொடங்கச் சொல்றியா? மணி நாலு இருபத்தஞ்சு. போடு சுவிட்சை!"

போட்டாள்.

ரங்கமன்னார் எடமலைப்பட்டி புதூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் தாளாளர். டாக்டர் பட்டம் தபாலில் வந்தது. எந்த நாட்டுத் தபால் என்று கேட்டவர்கள் இப்போது அந்தக் கல்லூரியில் வேலையில் இல்லை. 'எண்ணத்தால் இசைக்கும் மனோகானம், கண்டுபிடித்தவர் நமது தாளாளர்' என்று ஸ்ரீரங்கம் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதில் அவர் கண்டுபிடித்தது 'மனோகானம்' என்ற பெயரை மட்டும்தான். மற்றதெல்லாம் ஆய்வகத் தற்காலிக உதவியாளர் கேத்தரினின் மூன்று வருஷ உழைப்பு. பெட்டியை அரியமங்கலம் பட்டறையில் சொல்லிச் செய்ததும் அவள்தான், இன்று அதை மடியில் வைத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வந்ததும் அவள்தான்.

"விழா மேடையிலயே உன் பணி நிரந்தர ஆணையில கையெழுத்துப் போடறேன், போதுமா?" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இதே வாக்கைப் போன வருஷமும் கொடுத்தார், அதற்கு முந்தின வருஷமும் கொடுத்தார். இந்தத் தடவை கேத்தரின் அதை அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டாள்.

கருவியின் கணக்கு சுலபம். கண்ணை மூடி மனசு சொக்கினால் நெற்றிப் பட்டை குழல் ஊதும். பல்லைக் கடித்தால் தாடையில் ஒட்டிய வில்லை தவில் அடிக்கும். விரல் வியர்த்தால் வயலின் கீச்சென்று ஏறும்.

சபா செயலாளர் ரங்கநாயகி வரவேற்புரையைத் தொடங்கினார். "நம்ம தாளாளர் ஒரு நடமாடும் பல்கலைக்கழகம்!"

ரங்கமன்னார் கண்களை மூடினார். குழல் கொஞ்சியது. கூட்டம் கைதட்டியது.

"அவருக்குக் கொஞ்சமும் சளைக்காத எதிர் காலேஜ் தாளாளரும் முன்வரிசையில இருக்கார்…"

தவில் இடித்தது. மைக் ஸ்டாண்டே ஆடியது.

அடுத்து சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற தாசில்தார் மருதை எழுந்தார். "சுருக்கமா ரெண்டே வார்த்தை" என்றதுமே வயலின் வீறிட்டது. பத்தாவது நிமிஷம் தவில். இருபதாவது நிமிஷம் குழலில் தாலாட்டு மாதிரி ஏதோ மிதந்தது. தாளாளரின் தலை தோளில் சாய்ந்திருந்தது. மருதை திரும்பிப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"என் பேச்சுக்குப் பொருத்தமாவே வாசிக்கிறாரே! இன்னும் கொஞ்சம் பேசறேன்."

வயலின் அலறியதில் ரங்கமன்னாரே விழித்துக்கொண்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் கேத்தரின் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தார். அதற்கும் தவில்.

"நிறுத்தித் தொலைம்மா இதை!"

"இதோ நிறுத்திடறேன் சார். ஆனா மறுபடி போடறப்ப ராகுகாலமா இருக்கும். பரவாயில்லையா?"

வயலின் மெல்ல முனகியது.

மருதை ஒருவழியாக உட்கார்ந்தபோது மணி ஐந்து இருபது. ரங்கநாயகி அழைப்பிதழைப் பார்த்து வாசித்தார். "அடுத்ததா, செல்வி கேத்தரினுக்குப் பணி நிரந்தர ஆணை வழங்குதல்!"

ரங்கமன்னார் மைக்கைப் பிடித்தார். "கேத்தரின் எனக்குப் பெத்த பொண்ணு மாதிரி. ஆனா பாருங்க, ஃபைல் ஆபீஸ்லயே தங்கிடுச்சு. அடுத்த கல்வியாண்டுல கண்டிப்பா…"

வயலின் கூரையைத் தொட்டது.

"சார், வயலின் வேற மாதிரி சொல்லுதே!" என்று மூன்றாம் வரிசையிலிருந்து மாணவி ஹாஜிராவின் குரல் வந்தது. அரங்கமே அதிர்ந்தது.

பட்டை தன் தலையில் இல்லாததற்குக் கேத்தரின் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டாள். இன்றைக்கு விட்டால் இன்னொரு வருஷம். கருவி வந்த பைக்குள் கையை விட்டு ஃபைலை எடுத்தாள்.

"ஃபைல் இங்கதான் இருக்கு சார். நீங்க மறந்துடுவீங்கன்னு நானே கொண்டாந்துட்டேன். பேனாவும் இருக்கு."

அறுநூறு கண்கள் அவரையே பார்த்தன. ரங்கமன்னார் பேனாவை வாங்கினார்.

"முழு மனசோட… கையெழுத்துப் போடறேன்" என்றார், பற்களுக்கு நடுவிலிருந்து.

தவில் பிளந்து கட்டியது. சாட்சாத் கெட்டிமேளம்! கெட்டிமேளம் கேட்ட பிறகு நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்குமா? முதலில் மருதைதான் பழக்கதோஷத்தில் தன் கழுத்து மாலையைப் பிய்த்துப் பூவைத் தூவினார். பின்னாலேயே ரங்கநாயகி, பின்னாலேயே முன்வரிசை. எதிர் காலேஜ் தாளாளர் இரண்டு கையாலும் அள்ளி வீசினார்.

தலையெல்லாம் ரோஜா இதழோடு கேத்தரின் ஆணையை வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் ரங்கமன்னார் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார்.

"ஐயையோ, ராகுகாலம்! கொடும்மா அதை. ஆறு மணிக்கு மேல நல்ல நேரமா பார்த்து…"

கேத்தரின் தாளை ஒருமுறை ஊதி, மடித்து, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"மை காஞ்சிடுச்சு சார். நீங்க கச்சேரியை ஆரம்பிங்க."